மெட்டுத் தேடாமல் கேட்கப் பழகுவது எப்படி? புதிய ஆர்கெஸ்ட்ரா இசைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் மாரியம்மன் பண்டிகைக்கு மேடை போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய சினிமாப் பாட்டுப் பாடும் குழு. நான் ஆர்கெஸ்ட்ரா கேட்கிறேன் என்று சொன்னதும் மாமா, “எந்த ஊருல மாப்ள?” என்று கேட்டார். பெர்லின் என்றேன். “பர்கூரா?” என்றார். நான் சொன்னது வயலின் முதல் மேளம் வரை பலர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா. அதிலும் இன்று உயிரோடிருப்பவர்கள் எழுதும் புதிய இசை.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. முதல் எட்டு மாதம் நானும் அப்படித்தான் திசை தெரியாமல் திரிந்தேன். தப்பான கருவி, தப்பான நேரம், தப்பான படைப்பு, தேவையில்லாமல் கட்டிய சந்தா. உங்களுக்கு அந்த எட்டு மாதம் வேண்டாம். நான் சொல்லும் வரிசையில் போனால் ஒன்றரை மாதம் போதும். டிக்கெட், பயணம் நீங்கலாகச் செலவும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

ஒரே ஒரு இசையமைப்பாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டது உன்சுக் சின். 1961-ல் சியோலில் பிறந்தவர், ஹாம்பர்க்கில் லிகெட்டி என்ற இசையமைப்பாளரிடம் படித்தவர், 1988 முதல் பெர்லினில் இருக்கிறார். 2024-ல் எர்ன்ஸ்ட் ஃபோன் சீமென்ஸ் இசைப் பரிசு வாங்கியவர். ஏன் இவர் என்றால், ஐந்து நிமிடத்தில் முடிகிற படைப்பும் இவரிடம் இருக்கிறது, நம் கூத்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற படைப்பும் இருக்கிறது.

1. முதலில் காதுக்கு வேண்டியதைச் செய்யுங்கள்

ஃபோன் ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்காதீர்கள். சினிமாப் பாட்டில் சத்தம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பஸ்ஸிலும் கேட்கலாம், டீக்கடையிலும் கேட்கலாம். இங்கே கொசு பறப்பது போன்ற ஒலியும் இடி விழுவது போன்ற ஒலியும் ஒரே நிமிடத்துக்குள் வரும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஓசூர் பஸ்ஸில். ஷிஃப்டுக்குப் போகும் ஒரு மணி நேரத்தை வீணாக்குவானேன் என்று காதில் மாட்டிக்கொண்டேன். சூளகிரி பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து ஒலியை முழுக்க ஏற்றினேன். அடுத்த நொடி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே அடியாக விழுந்தது. நான் இயர்ஃபோனைப் பிடுங்கிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர், “என்னங்க, கரண்ட் அடிச்சிருச்சா?” என்றார். பிறகு தெரிந்தது, அந்தப் படைப்பின் பெயருக்கே ‘திடீரென்று, பலத்தோடு’ என்றுதான் பொருள்.

கம்பி வைத்த, காதை நன்றாக அடைக்கும் இயர்ஃபோன் ஒன்று போதும். நான் வாங்கியது 650 ரூபாய். அதற்கு முன் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, ‘பேஸ் சும்மா அதிரும்’ என்ற ஒன்றை 1,800 கொடுத்து வாங்கினேன். அதில் வயலின் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது. ஃபோன் அமைப்பில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

நேரம் காலை ஐந்து மணி. ராத்திரி என்றால் பக்கத்து வீட்டு சீரியல், பைபாஸில் லாரி ஹாரன், நம் தூக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் ஃபேன் சத்தமும் ஒரு வாத்தியமாகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஃபேனை நிறுத்தலாம், தப்பில்லை.

2. ஐந்து நிமிடப் படைப்பில் தொடங்குங்கள்

நான் செய்த பெரிய தப்பு, சின்னின் வயலின் கான்செர்ட்டோவில் (ஒரு வயலின் முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தொடங்கியது. அது 2004-ல் கிராவ்மையர் விருது வாங்கியது என்று படித்துவிட்டு, பெரிய விருது, பெரிய படைப்பு என்று இறங்கினேன். நான்கு பகுதிகள், 25 நிமிடத்துக்கு மேல். மூன்று முறை முயன்றும் இரண்டாம் பகுதியைத் தாண்டவில்லை.

நீங்கள் ‘சுபிட்டோ கான் ஃபோர்ட்சா’வில் தொடங்குங்கள், ஓசூர் பஸ்ஸில் என்னைத் தூக்கிப் போட்ட அதே படைப்பு. பேத்தோவனின் 250-வது பிறந்த ஆண்டுக்காக 2020-ல் எழுதியது. சுமார் ஐந்து நிமிடம். ஆங்கிலத்தில் தேடும்போது பெயரின் எழுத்துகள்: யூ, என், எஸ், யூ, கே, பிறகு சி, எச், ஐ, என். கொரிய முறையில் குடும்பப் பெயரை முன்னால் போட்டும் சில இடங்களில் இருக்கும், குழம்ப வேண்டாம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பேத்தோவனின் ‘கோரியோலான்’ முன்னிசையின் முதல் ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். தந்தி வாத்தியங்கள் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கும், மொத்தக் குழுவும் ஓர் அடி போடும், அப்புறம் மௌனம். சின் தன் படைப்பை அதே மாதிரிதான் திறக்கிறார். ஆனால் அடி விழுந்த இடத்தில் மௌனம் வருவதற்குப் பதில், ஒரு கூடைக் கண்ணாடி வளையலைப் படியில் கொட்டியது போல ஏதோ சிதறி ஓடும். பழைய கதவைத் திறந்தால் உள்ளே வேறு வீடு. இந்த ஒரு இடம் பிடிபட்டால் மிச்ச நான்கு நிமிடமும் மெதுவாக வழிக்கு வரும். வழியில் பேத்தோவனின் துணுக்குகள் இன்னும் சில ஒளிந்திருக்கின்றன. தேடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, பத்தாவது முறை கேட்கும்போது தானாகவே கையை ஆட்டும்.

பத்து முறையா என்று மலைக்காதீர்கள். தினம் ஒரு முறை, பத்து நாள். ஒரே உட்காரலில் பத்து முறை கேட்டால் வெறுத்துப்போகும். நான் அதையும் செய்து பார்த்தவன்.

3. மெட்டை விட்டுவிட்டு எதைக் கேட்பது?

இந்த இடத்தில்தான் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் காது சின்ன வயதிலிருந்தே ‘சா’வைத் தேடிப் பழகியது. நாயனக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். மற்றவர் எவ்வளவு தூரம் போனாலும் வீடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இந்த இசையில் பல இடங்களில் அந்த வீடு இல்லை. பாட்டுப் புரியவில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் நிற்க இடம் கிடைக்காத தவிப்புதான் அது. பாதிப் பேர் முதல் இரண்டு நிமிடத்தில் எழுந்து போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மெட்டுக்குப் பதில் ஒலியின் நிறத்தைப் பின்தொடருங்கள். யார் வாசிக்கிறார், அவர் கையிலிருந்து அது யார் கைக்குப் போகிறது, போகும்போது என்னவாக மாறுகிறது. பம்பையும் உறுமியும் சேர்ந்து அடிக்கும்போது நாம் ராகம் கேட்பதில்லை. உறுமியின் தோலில் குச்சியை இழுக்கும்போது வரும் அந்த முனகல், அதன் மேல் பம்பை வந்து விழுவது, இரண்டும் நெருங்கி நெருங்கி உடம்பு சிலிர்ப்பது, இதைத்தானே கேட்கிறோம்? அதே காதுதான் இங்கேயும் வேண்டும்.

செய்முறை இது. ஒரு பழைய நோட்டுத் தாளில் நீளமாகக் கோடு போட்டு ஐந்து நிமிடமாகப் பிரியுங்கள். சத்தம் ஏறும் இடத்தில் மேலே ஒரு மலை, அடங்கும் இடத்தில் பள்ளம். காதில் பட்டதை நம் வார்த்தையில் எழுதுங்கள். என் தாளில் ‘பாத்திரக் கடை’, ‘கிணற்றில் வாளி’, ‘ஈ’, ‘யாரோ மாடி இறங்குகிறார்’ என்றெல்லாம் இருக்கிறது. ஊதுவது ஒபோவா கிளாரினெட்டா என்று தெரியவில்லை என்று வெட்கப்படாதீர்கள். அதை வீடியோவில் பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். முதலில் வீடியோ பார்க்க வேண்டாம். கண் போய், முன்னால் நின்று குழுவை நடத்தும் கண்டக்டரின் தலைமுடியில் நின்றுவிடுகிறது.

இதற்குப் பிறகு வயலின் கான்செர்ட்டோவுக்குத் திரும்புங்கள். வயலின் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டு, நான்கு தந்தியையும் விரல் வைக்காமல் இழுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ச-ப-ச-ப என்று சேர்ப்போம். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ. ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவே அதே ச-ப தூரம்தான். அந்தக் கான்செர்ட்டோ முழுக்க இந்த நான்கு வெறுந்தந்திகளிலிருந்து முளைப்பது. நிற்க இடம் இல்லை என்றேனே, இதில் உண்டு. அது தெரியாமல்தான் மூன்று முறை வழி தவறினேன்.

4. கூத்துப் பார்த்துவிட்டு ‘கூகலோன்’ கேளுங்கள்

இது முழு ஆர்கெஸ்ட்ரா இல்லை, சிறு குழு. ஆனால் நம் பக்கத்து ஆளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. 60-களின் சியோலில், வீட்டில் காய்ச்சிய மருந்தை விற்க ஊர் ஊராக வந்து ஆடிப் பாடிக் கூட்டம் சேர்த்தவர்களைச் சின் குழந்தையாகப் பார்த்திருக்கிறார். அந்த ஞாபகத்தில் எழுதியது. நம் சந்தையில் பாம்புப் பெட்டியைக் காட்டிக் காட்டி, கடைசிவரை திறக்காமலே லேகியம் விற்றுவிட்டுப் போவாரே, அவருடைய தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு காட்சிகள். முதல் காட்சியின் தலைப்பே திரை திறப்பதைப் பற்றியது. பாரதக்கூத்தில் திரை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்திருப்பார்கள், மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், கீழே சலங்கைக் கால் தெரியும், முகவீணை கூவும், ஆள் மட்டும் வர மாட்டார். அந்தக் காத்திருப்பை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பொய்ப்பல் கட்டிய குறிகாரருக்கு ஒரு காட்சி, பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் நடுவே ஒரு காட்சி. இது நிஜமான நாட்டுப்புற இசை இல்லை, கற்பனையான தெருவின் இசை. அதனால் கொரிய மெட்டு எங்கே என்று தேடாதீர்கள்.

மாட்டிக்கொள்ள ஒரு பொறி உண்டு: சில பாட்டுச் செயலிகளின் இலவசக் கணக்கில் பகுதிகள் வரிசை மாறி ஓடலாம். முதல் முறை எனக்கு போலி மருந்துக்காரரின் சடையைத் துரத்தும் கடைசிக் காட்சி முதலில் வந்தது. பதினெட்டாம் போரை முதல் நாளே ஆடி முடித்த மாதிரி. ‘ஷஃபிள்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைக்க முடியாவிட்டால் முழுப் படைப்பும் ஒரே துண்டாக இருக்கும் வீடியோவைத் தேடுங்கள். விளம்பரம் நடுவில் வரும் என்றால் அது கண்டிப்பாக மிக மெல்லிய இடத்தில்தான் வரும், தயாராக இருங்கள்.

கூத்துக்குச் செலவு இல்லை. பங்குனியிலிருந்து வைகாசி வரை தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் விசாரியுங்கள். விடிய விடிய நடக்கும், போர்வை எடுத்துப் போங்கள்.

5. காகிதங்கள்

பயப்பட வேண்டாம், தாலுகா ஆபீஸ் வேலை இல்லை. இரண்டே காகிதம்.

ஒன்று, படைப்பைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. சின்னின் படைப்புகளை வெளியிடும் பூசி அண்டு ஹாக்ஸ் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். எத்தனை நிமிடம், என்னென்ன வாத்தியம், எந்த ஆண்டு, எல்லாம் இருக்கும். இதை ஐந்தாவது முறை கேட்ட பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் காது அதில் எழுதியிருப்பதை மட்டும்தான் கேட்கும்.

இரண்டு, ஸ்கோர் என்கிற இசைத்தாள். அதே தளத்தில் பெயர், மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் பல ஸ்கோர்களைத் திரையில் பார்க்கலாம். மேற்கத்திய சுரக்குறி எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பாருங்கள். பக்கம் கறுப்பாக அடர்ந்திருந்தால் இரைச்சல், வெள்ளையாக இருந்தால் அமைதி. நீங்கள் போட்ட மலை-பள்ளத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள். பிரிண்ட் போடக் கடைக்கு ஓடாதீர்கள், அது பார்ப்பதற்கு மட்டும்தான்.

6. காசு கட்டிப் பார்ப்பது: எப்போது, எப்படி

முதல் ஒரு மாதம் ஒரு பைசா கட்டாதீர்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் என்ற ஆர்கெஸ்ட்ரா தன் கச்சேரிகளைக் காட்டும் டிஜிட்டல் கான்செர்ட் ஹால் என்ற இணையதளத்துக்குப் போகலாம். சின்னின் படைப்புகள் பல அங்கே இருக்கின்றன. 2017-ல் கண்டக்டர் சைமன் ராட்டில் நடத்திய ‘கோரோஸ் கோர்டோன்’ அதில் ஒன்று. ‘ரோசனா’ என்று இன்னொன்று எழுதியிருக்கிறார், தலைப்பு சமஸ்கிருதம், ஒளியறை என்று பொருள் சொல்கிறார். எனக்கு அவர் எழுதியதில் மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் ஆரம்பத்தில் வேண்டாம்.

யூரோவில் கட்ட வேண்டும். நம் டெபிட் கார்டு அப்படியே போட்டால் நடக்காது. 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. நான்கு முறை போட்டு நான்கு முறையும் தோற்ற பிறகு வங்கிக் கிளைக்குப் போனேன், அங்கே, “வெளிநாடு எப்ப சார் போறீங்க?” என்று கேட்டார்கள். கிளைக்குப் போகத் தேவையில்லை. வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குள் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பை இரண்டாயிரம் ரூபாய் போல வையுங்கள். கட்டி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள். டிக்கெட் விலைக்கு மேல் வங்கியின் மார்க்அப்பும் (பணம் மாற்றும் கட்டணம்) அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் விழும்.

நான் மாதச் சந்தா கட்டினேன். அந்த மாதம் பார்த்து ஃபேக்டரியில் ஓவர்டைம், ஒரே ஒரு கச்சேரிதான் பார்த்தேன். நீங்கள் ஏழு நாள் டிக்கெட் எடுங்கள், லீவு போட்ட வாரத்தில். தானாகப் புதுப்பிக்கும் வகையா என்று கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பெர்லின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. அங்கே மாலை ஏழு மணிக் கச்சேரி கோடையில் நமக்கு ராத்திரி 10.30, குளிரில் 11.30. நேரடியாகத்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை, பிறகு தொகுப்பில் சேர்ந்துவிடும். காலை ஷிஃப்டுக்காரர்கள் அதற்கே காத்திருங்கள்.

7. நேரில் கேட்கப் போவது

எவ்வளவு நல்ல இயர்ஃபோனும் நேரில் கேட்பதற்கு ஈடாகாது. பக்கத்தில் பெங்களூரு. முழு ஆர்கெஸ்ட்ரா அபூர்வம், சிறு குழுக்கள் வரும். இந்திரா நகரில் ஜெர்மன் பண்பாட்டு மையமான மேக்ஸ் முல்லர் பவன், தோம்ளூரில் பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டர் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் மாதம் ஒரு முறை பாருங்கள். பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். சின் வரும்வரை காத்திருக்காதீர்கள், உயிரோடிருக்கும் யார் எழுதியது வாசிக்கப்பட்டாலும் போங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ., தருமபுரியிலிருந்து 140. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டி ஒரு கச்சேரியின் முதல் பாதியைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். வாசிக்கத் தொடங்கிவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், இடைவெளி வரை நிற்க வேண்டும். இப்போது நல்ல வழி இருக்கிறது: 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் பாதை மெட்ரோ திறந்துவிட்டார்கள். பொம்மசந்திராவில் இறங்குவதாகப் பஸ் கண்டக்டரிடம் முன்பே சொல்லுங்கள். மேம்பாலம் ஏறிவிட்டால் அவ்வளவுதான். அங்கிருந்து ஆர்.வி. ரோடு, பச்சைப் பாதையில் மெஜஸ்டிக், ஊதாப் பாதையில் இந்திரா நகர். ஏழு மணி நிகழ்ச்சிக்குக் கிருஷ்ணகிரியில் இரண்டரைக்கு ஏறினால் நிம்மதி.

பெரிய ஆர்கெஸ்ட்ராவே வேண்டும் என்றால் மும்பை. 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, நாரிமன் பாயின்டில் என்.சி.பி.ஏ என்கிற தேசிய நிகழ்த்துகலை மையத்தில் வாசிக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி, செப்டம்பரை ஒட்டி இரண்டு பருவம். பெரும்பாலும் பழைய பேத்தோவன், பிராம்ஸ்தான். புதியது எப்போதாவதுதான் வரும், நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். பெங்களூரிலிருந்து உத்யான் எக்ஸ்பிரஸில் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

உள்ளே போனபின் ஒரு விஷயம். ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டாதீர்கள். மொத்தமும் முடிந்ததா என்று சந்தேகம் வந்தால் கண்டக்டரின் கையைப் பாருங்கள், அது கீழே இறங்கிய பிறகு தட்டலாம். நான் ஒரு முறை தனியாகத் தட்டிவிட்டு, கொசு அடித்தது போல் பாவனை செய்தேன்.

ஏசி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். தொண்டைக்கு மிட்டாய் வைத்துக்கொண்டால் அதன் காகிதத்தை முன்பே பிரித்துவிடுங்கள். திரும்ப சேலம் வழித்தடப் பஸ் ராத்திரி முழுக்க உண்டு. வாரக் கடைசியில் மட்டும் உட்கார இடம் கிடைக்காது, சனிக்கிழமை நிகழ்ச்சி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.